டோடாஃப் 2.02: படைத்துறையின் பணிகளையும் தரவையும் பிணைத்துக் காட்டும் சட்டகம் – ஒரு மதிப்புரை

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் பணிகளையும், அவற்றைச் செய்வோரையும், அவர்கள் கையாளும் மென்பொருள் அமைப்புகளையும், அவற்றினூடே ஓடும் தரவையும் ஒரே முறையில் விவரிப்பதற்காக வகுத்துக்கொண்ட கட்டமைப்புச் சட்டகமே டோடாஃப். 2009 மே மாதம் வெளிவந்த 2.0 பதிப்பைத் திருத்தி 2010 ஆகஸ்டில் 2.02 பதிப்பு வெளியானது. இம்மதிப்புரை அதைப் பற்றியது. மேலாளர்களுக்கு ஒன்று, வரைபவர்களுக்கு ஒன்று, மென்பொருள் எழுதுவோருக்கு ஒன்று என மூன்று தொகுதிகளாக அமைந்த இதன் ஆவணங்கள், அத்துறையின் தலைமைத் தகவல் அலுவலரது இணையதளத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. பல கிளைகளும் பெரிய பண்டகசாலைகளும் கொண்ட ஒரு நிறுவனத்துக்குச் செயற்பாட்டு மாதிரியும் (வேலைகளையும் அவற்றின் தொடர்பையும் காட்டும் படம்) தரவு மாதிரியும் (பதிந்து வைக்கவேண்டிய தகவல்களையும் அவற்றின் உறவையும் காட்டும் படம்) வரையும் பணியில் இருப்பவன் என்ற முறையில் இந்த ஆவணங்களை நான் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். இதற்குள் மிக அரிய கருத்து ஒன்று இருக்கிறது. ஆனால் அதைப் படிப்பவர் எளிதில் சென்றடைய முடியாத இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஏறத்தாழ 13 லட்சம் முழுநேரப் படையினரும் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட குடிமைப் பணியாளர்களும் கொண்ட ஓர் அமைப்பு, தான் என்ன வேலை செய்கிறது என்பதை ஏன் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்? அந்த அமைப்பிலிருந்தே ஒரு நிகழ்வு இதற்கு விடை தருகிறது. 2003 நவம்பரில், அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகப் பணியாற்றும் தணிக்கை நிறுவனமான ஜிஏஓ, போர்ப்பணிக்கு அழைக்கப்பட்ட தேசியக் காவற்படையினரின் சம்பளத்தை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆறு பிரிவுகளில் இருந்த 481 வீரர்களில் 450 பேருக்குக் குறைந்தது ஒரு சம்பளக் குளறுபடியாவது நேர்ந்திருந்தது. கொலராடோவைச் சேர்ந்த சிறப்புப் படைப் பிரிவு ஒன்றில் 34 பேர் மீது, ஆளுக்குச் சராசரியாக 48,000 டாலர் கடன் என்று, பெரும்பாலும் தவறாகவே, கணக்கு எழுதப்பட்டிருந்தது. ஆளணிப் பதிவேடு ஒரு மென்பொருள் அமைப்பிலும் சம்பளம் வேறொரு மென்பொருள் அமைப்பிலும் இருந்தன. பணி ஆணை பிறந்த இடத்திலிருந்து சம்பளம் கணக்கிடும் இடத்துக்குச் செய்தி தானாகச் செல்லவில்லை. இடையில் மனிதர்கள் அதைக் கையால் மீண்டும் பதிய வேண்டியிருந்தது. சண்டை நடக்கும் இடத்தில் இருந்துகொண்டு, வீட்டில் இருப்பவர்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா என்று கவலைப்பட்ட அந்த மனிதர்களை நினைத்தால், செயலையும் தரவையும் மாதிரியாக்குவது வெறும் காகித வேலை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

‘பணிக்கு அழைத்தல்’ என்ற செயலின் வெளியீடு ‘பணி ஆணை’. அதே ஆணை ‘சம்பளம் கணக்கிடல்’ என்ற செயலுக்கு உள்ளீடு. இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் அம்புக்குறி இருக்கிறது என்பதை யாரேனும் வரைந்து, அந்த அம்புக்குறி எந்தத் தரவைச் சுமக்கிறது, அதற்குப் பொறுப்பாளர் யார் என்று எழுதியிருந்தால், குளறுபடி எங்கே பிறக்கிறது என்பது முன்பே கண்ணில் பட்டிருக்கும். டோடாஃபை நான் எடைபோடும் அளவுகோல் இது ஒன்றுதான்: அம்புக்குறியையும் அது சுமக்கும் தரவையும் ஒரே பொருளாகக் காட்ட இந்தச் சட்டகம் எவ்வளவு தூரம் உதவுகிறது?

இதைச் சொல்ல, டோடாஃபுக்கு முந்தைய இரண்டு வரைமுறைகளைத் தொட்டாக வேண்டும்; அவற்றை அறியாதவருக்கு இந்தச் சட்டகத்தின் பாதி விளங்காது. செயல்களை வரைவதற்கான ஐடெஃப்-0, சாஃப்டெக் நிறுவனத்தின் டக்ளஸ் ராஸ் உருவாக்கிய ‘சாட்’ என்னும் முறையிலிருந்து வளர்ந்தது. அமெரிக்க விமானப்படை 1970-களில் தொடங்கிய ‘ஐகாம்’ என்ற உற்பத்தி நவீனமயத் திட்டம் அதைத் தத்தெடுத்தது; 1993 டிசம்பர் 21 அன்று அது கூட்டரசின் 183-ஆம் தகவல் செயலாக்கத் தரநிலையாக அறிவிக்கப்பட்டது. இதன் இலக்கணம் சிறியது. ஒவ்வொரு செயலும் ஒரு பெட்டி. இடப்பக்கம் நுழைவது உள்ளீடு, வலப்பக்கம் வெளியேறுவது வெளியீடு, மேலிருந்து இறங்குவது அந்தச் செயலைக் கட்டுப்படுத்தும் விதி அல்லது ஆணை, கீழிருந்து ஏறுவது அதைச் செய்யும் ஆளோ கருவியோ. முழு அமைப்பும் முதலில் ஒரே பெட்டியாக வரையப்படும். பிறகு அது மூன்று முதல் ஆறு பெட்டிகளாகப் பிரியும். ஒவ்வொன்றும் அதே அளவில் மேலும் பிரியும். முதல் படத்திலேயே மாதிரியின் நோக்கமும் அது யாருடைய பார்வையில் வரையப்படுகிறது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அந்தக் கடைசிக் கட்டுப்பாட்டைப் பலரும் சடங்காகக் கருதித் தாண்டிச் செல்கிறார்கள். ஐடெஃப்-0-இன் உயிரே அதுதான் என்பது என் எண்ணம். ஒரு டாங்கியைக் கொள்முதல் அலுவலர் பார்க்கும்போது அது ஓர் ஒப்பந்தத்தின் பயன்; பழுதுபார்க்கும் பணிமனைக்கு அது உள்ளே வந்து சீராகி வெளியே போகும் பொருள்; களத்திலுள்ள படைப்பிரிவுக்கு அது ஒரு செயலை முடிக்க உதவும் கருவி. பார்வையைச் சொல்லாமல் வரைந்தால், இம்மூன்றும் ஒரே படத்தில் கலந்து, எந்த அம்புக்குறி எந்தப் பக்கம் தொடவேண்டும் என்பதே தீராத வாதமாகிவிடும்.

தரவின் பக்கத்தில் ஐடெஃப்1எக்ஸ் நின்றது. அதுவும் 1993 டிசம்பரில் 184-ஆம் தரநிலையாயிற்று. ஒன்றன் அடையாளம் மற்றொன்றைச் சார்ந்திருக்கிறதா இல்லையா என்பதைப் படத்திலேயே காட்டிவிடுவது இதன் தனிச்சிறப்பு. ஆள், பொருள், ஆணை என நாம் தரவு பதியும் ஒவ்வொன்றும் ஓர் உருபொருள். தன் அடையாளத்தைத் தானே கொண்டிருக்கும் உருபொருளுக்குக் கூரிய மூலைகள் கொண்ட பெட்டி. வேறொன்றின் திறவுகோலை, அதாவது அதை அடையாளம் காட்டும் எண்ணையோ குறியீட்டையோ, கடன் வாங்கித்தான் தன்னை அடையாளப்படுத்த முடியும் என்றால் வளைந்த மூலைகள். அடையாளம் தரும் உறவுக்கு முழுக்கோடு, தராத உறவுக்கு விட்டுவிட்டு வரும் கோடு. பார்த்த மாத்திரத்தில் எது எதைச் சார்ந்து நிற்கிறது என்பது புலப்படும்.

ஓர் உண்மையான எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். அமெரிக்கப் படைகளில் உதிரிபாகம் கேட்டு அனுப்பும் கோரிக்கைக்கு ‘மில்ஸ்ட்ரிப்’ என்ற பொது நடைமுறை 1962 முதல் இருக்கிறது. 80 பத்திகள் கொண்ட துளை அட்டைக்காக வடிவமைக்கப்பட்ட ஒழுங்கு அது. ஒரு கோரிக்கையின் ஆவண எண் 14 எழுத்திடங்கள் கொண்டது: முதல் ஆறு கேட்பவரின் முகவரிக் குறியீடு, அடுத்த நான்கு தேதி, கடைசி நான்கு அன்றைய வரிசை எண். கேட்கும் பொருளுக்கு 13 இலக்கத் தேசிய இருப்பு எண் உண்டு. அதில் முதல் நான்கு இலக்கங்கள் பொருளின் வகுப்பைக் குறிக்கும். ஐடெஃப்1எக்ஸ் வழியில் இதை வரைந்தால், ‘கோரிக்கை’ வளைந்த மூலைகள் கொண்ட பெட்டியாக அமையும்; கேட்பவர் இல்லாமல் கோரிக்கைக்கு அடையாளமே இல்லை. துளை அட்டைக் காலத்தில் இந்த ஒழுங்கை வகுத்தவர்கள், அத்தகைய வரைமுறை எதுவும் இல்லாத நிலையிலும், நல்ல தரவு மாதிரி ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள் என்பதை இது காட்டுகிறது.

ஆனால் அதே படத்தில் ஒரு சிக்கலும் தெரியவரும். கோரிக்கையில் இருப்பது முகவரிக் குறியீடு. படைப்பிரிவை அடையாளப்படுத்துவதோ ‘அலகு அடையாளக் குறியீடு’ எனப்படும் வேறோர் ஆறு எழுத்துக் குறியீடு. ஒரே பிரிவுக்குப் பல முகவரிக் குறியீடுகள் இருக்கலாம். ஆகவே “இந்தப் படைப்பிரிவு கேட்ட உதிரிபாகங்கள் எத்தனை நிலுவையில் உள்ளன?” என்ற எளிய கேள்விக்கு விடை காண, பிரிவையும் முகவரியையும் தனித்தனி உருபொருள்களாக வைத்து அவற்றிடையே உறவை வரைந்திருக்க வேண்டும். செயற்பாட்டு மாதிரியை மட்டும் வரைபவர் இரண்டையும் ‘பிரிவு’ என்ற ஒரே அம்புக்குறிக்குள் அடக்கிவிடுவார். தரவு மாதிரியை மட்டும் வரைபவரோ இரண்டு பெட்டிகளைச் சரியாக வரைந்துவிட்டு, எந்த வேலையில் எது வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவார். இரண்டு மாதிரிகளும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும்படி அருகருகே வைத்து வரைந்தால்தான் பயன்.

இனி டோடாஃபுக்கு வருவோம். 1996-இல் ‘சி4ஐஎஸ்ஆர்’ (படைகளின் ஆணை, கட்டுப்பாடு, தகவல் தொடர்பு, கணினி, உளவு, கண்காணிப்பு, வேவு ஆகியவற்றைச் சுட்டும் சுருக்கம்) கட்டமைப்புச் சட்டகம் என்ற பெயரில் தொடங்கி, 1997 டிசம்பரில் இரண்டாம் பதிப்புக் கண்டு, 2003-இல் டோடாஃப் 1.0 ஆக மாறியபோது, அது வரைபடங்களின் பட்டியலாகவே இருந்தது. ஓவி-5 என்றால் செயற்பாட்டு மாதிரி, ஓவி-7 என்றால் தரவு மாதிரி, எஸ்வி-11 என்றால் தரவுத்தளத்தின் பௌதிக அமைப்பு; குறிப்பிட்ட படங்களை வரைந்து ஒப்படைத்தால் கடமை முடிந்தது. 2.0 பதிப்பு இந்த நோக்கை மாற்ற முயன்றது. படம் முக்கியமன்று, படத்துக்குப் பின்னால் உள்ள தரவே முக்கியம் என்றது. எண்ணிக்கை 52 மாதிரிகளாக, எட்டுப் பார்வைகளாக வளர்ந்தாலும், அத்தனையும் வரைய வேண்டியதில்லை, முடிவெடுப்பவரின் தேவைக்கு ஏற்றவற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னது. முதல் தொகுதியில் உள்ள ஆறு படிகள் இதற்கு வழிகாட்டுகின்றன: இந்த விவரிப்பு எதற்குப் பயன்படப்போகிறது என்று தீர்மானித்தல், எல்லை வகுத்தல், அதற்குத் தேவையான தரவைக் கண்டறிதல், அதைத் திரட்டி ஒழுங்குபடுத்துதல், பகுப்பாய்தல், முடிவை எடுத்துரைத்தல். படம் வரைவது கடைசியில்தான் வருகிறது. வேறு எதையும் படிக்க நேரமில்லாதவர் இந்த ஆறு படிகளை மட்டும் படித்தாலும் பயனடைவார்.

இந்தச் சட்டகத்தின் இதயம் ‘டிஎம்2’ என்ற மீமாதிரி, அதாவது நாம் வரையும் மாதிரிகளையே விவரிக்கும் மாதிரி. செயல், வளம், செய்பவர், விதி, இடம், அளவை, திறன் போன்ற கருத்துகளையும் அவற்றிடையே உள்ள உறவுகளையும் அது வரையறுக்கிறது. செயல் வளத்தை நுகர்கிறது, செயல் வளத்தை ஆக்குகிறது, செய்பவர் செயலைச் செய்கிறார், விதி செயலைக் கட்டுப்படுத்துகிறது – ஐடெஃப்-0 பெட்டியின் நான்கு பக்கங்களும் இங்கே நான்கு உறவுகளாக மாறி நிற்பதைக் கவனியுங்கள். தகவலும் தரவும் வளத்தின் வகைகள் என்று அது சொல்வதால், ஓவி-5பி என்ற செயற்பாட்டு மாதிரியில் ஓடும் ‘கோரிக்கை’ என்ற அம்புக்குறியும், டிஐவி-2 என்ற தருக்கத் தரவு மாதிரியில் உள்ள ‘கோரிக்கை’ என்ற உருபொருளும், மாதிரிகளைச் சேமித்து வைக்கும் களஞ்சியத்தில் ஒரே பதிவைச் சுட்ட வழி பிறக்கிறது. ஒன்றின் பெயரை மாற்றினால் மற்றொன்றும் மாறும். பெயர் ஒத்துப்போகிறதா என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் சரிபார்த்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றம். தொடக்கத்தில் நான் சொன்ன அரிய கருத்து இதுவே.

செயலுக்கு டிஎம்2 தரும் வரையறையும் சிந்திக்கத் தக்கது. ஒரு குறிப்பிட்ட நிறுவனத்துக்கோ ஆயுத அமைப்புக்கோ தனி மனிதருக்கோ உரியதாக இல்லாமல், உள்ளீடுகளை வெளியீடுகளாக மாற்றும் அல்லது அவற்றின் நிலையை மாற்றும் வேலையே செயல் என்கிறது அது. தரைப்படையும் கடற்படையும் விமானப்படையும் தனித்தனியே நடத்தும் உதிரிபாக வழங்கலை ஒரே செயலாக வரைந்து, செய்பவரை மட்டும் மாற்றிக் காட்டலாம் என்ற துணிவு இதில் இருக்கிறது. ஒவ்வொரு படையும் தன் வேலை தனித்தன்மை உடையது என்று வாதிடும் கூட்டங்களில் இந்த வரையறை நல்ல ஆயுதம்: வேறுபாடு செயலில் இருக்கிறதா, செய்பவரில் இருக்கிறதா, கட்டுப்படுத்தும் விதியில் இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் விதியில்தான் இருக்கும். எந்த விதியை மாற்றினால் இரண்டு அமைப்புகளை ஒன்றாக்கலாம் என்பது அதன்பின் மேலாளர் முடிவெடுக்கக்கூடிய கேள்வியாகிறது. என் நிறுவனத்தில், கிளைகளின் கொள்முதல் நடைமுறைகளைப் பற்றிய நெடிய விவாதங்களை இந்த ஒரு கேள்வியே பலமுறை சுருக்கியிருக்கிறது.

குறைகள் சிறியவை அல்ல. முதலாவது, டிஎம்2-ஐப் படிப்பது கடினம். ஆஸ்திரேலியா, கனடா, ஸ்வீடன், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகள் சேர்ந்து உருவாக்கிய ‘ஐடியாஸ்’ என்ற மெய்ப்பொருள் அடித்தளத்தின் மீது அது கட்டப்பட்டிருக்கிறது. எல்லாப் பொருள்களையும் இடத்திலும் காலத்திலும் பரந்து கிடக்கும் நாற்பரிமாணத் துண்டுகளாகக் கருதும் தத்துவம் அது. ஒரு படைப்பிரிவு பெயர் மாறினாலும் பணியிடம் மாறினாலும் அதை எப்படித் தொடர்ந்து அடையாளம் காண்பது என்ற சிக்கலுக்கு அது உண்மையிலேயே நேர்த்தியான விடை தருகிறது. ஆனால் அதை விளக்கும் மூன்றாம் தொகுதி, தரவுத்தளம் வடிவமைத்துப் பழகிய ஒரு பொறியாளர் கைப்பிடித்து ஏறிச்செல்லப் படிகள் எதையும் வைக்கவில்லை. முழுமையும் பகுதியும், மேல்வகையும் உள்வகையும், முன்னும் பின்னும் என்ற உறவுகளைத் தொடர்ந்து அடுக்கிக்கொண்டே போகிறது. ஒரு சிறிய பண்டகசாலையை எடுத்து முதலிலிருந்து இறுதிவரை நடத்திக் காட்டியிருந்தால் பாதிச் சுமை குறைந்திருக்கும்.

இரண்டாவது குறை இதைவிட ஆழமானது. புதிதாகப் பயில்வோரை மிகவும் குழப்புவது. இந்தச் சட்டகத்துக்குள் இரண்டு தரவு மாதிரிகள் வாழ்கின்றன. வீரர், கோரிக்கை, வாகனம், பணி ஆணை ஆகியவற்றை விவரிப்பது நாம் வரையும் டிஐவி மாதிரி. செயல், வளம், செய்பவர் என்று நம் விவரிப்பையே விவரிப்பது டிஎம்2. ஒன்று அமைப்பைப் பற்றியது, மற்றொன்று அமைப்பைப் பற்றி நாம் எழுதும் எழுத்தைப் பற்றியது. முந்தைய பதிப்புகளோடு இருந்த ‘காடம்’ என்ற மைய மாதிரி ஐடெஃப்1எக்ஸ் முறையிலேயே வரையப்பட்டிருந்ததால் அப்போதே இந்த மயக்கம் இருந்தது. டிஎம்2 வந்தபின் அது தீரவில்லை. ‘ஆள் வகை’ என்பது டிஎம்2-இல் ஒரு கருத்து. ‘ஆள்’ என்பது நம் ஆளணித் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணை. இரண்டையும் ஒன்றென்று கொண்டு, மீமாதிரியின் பெட்டிகளைத் தங்கள் தரவுத்தளத்தின் அட்டவணைகளாகவே எடுத்துக்கொள்ள முனையும் குழுக்கள் பெரும் உழைப்பை வீணாக்கும். இந்த எச்சரிக்கை இரண்டாம் தொகுதியின் முதற்பக்கங்களிலேயே பெரிய எழுத்தில் இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக, ஓவி-5பி-ஐ எந்தக் குறியீட்டில் வேண்டுமானாலும் வரையலாம் என்ற சுதந்திரம். ஐடெஃப்-0 கட்டாயப்படுத்திய நோக்கத்தையும் பார்வையையும், மூன்று முதல் ஆறு பெட்டிகள் என்ற வரம்பையும், கட்டுப்பாட்டையும் உள்ளீட்டையும் பிரிக்கும் ஒழுங்கையும் இங்கே யாரும் வற்புறுத்துவதில்லை. விளைவாக, கையில் வரும் பல படங்கள் வரிசைமுறைப் படங்களாகச் சுருங்கிவிடுகின்றன: முதலில் இது, பிறகு அது, அதன்பின் மற்றது. எந்த விதி எந்தச் செயலை ஆள்கிறது என்ற செய்தி காணாமற்போகிறது. 2008-இல் ஐடெஃப்-0 தரநிலை கூட்டரசுப் பட்டியலிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது என்பதற்காக அதன் ஒழுங்கைக் கைவிட வேண்டியதில்லை. மென்பொருள் அமைப்புகளைக் காட்டும் எஸ்வி மாதிரிகளும் சேவைகளைக் காட்டும் மாதிரிகளும் பதின்மூன்று பதின்மூன்றாக ஏறத்தாழ இரட்டைப் பிள்ளைகளாக நிற்பதும் வேண்டாத சுமை. அதை விரித்துப் பேசத் தேவையில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கருவி நன்றாக இருந்தும் கட்டடம் ஏன் எழவில்லை என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முப்பது ஆண்டு வரலாறு நேரடியாகப் பதில் சொல்கிறது. 1991 செப்டம்பரில் வந்த 8320.1 என்ற ஆணை, துறை முழுவதுக்குமான தரவு நிர்வாகத்தை ஏற்படுத்தியது. ஒவ்வொரு தரவுக்கூறுக்கும் ஒரே பெயர், ஒரே பொருள், ஒரே அகராதி என்பதே இலட்சியம். துறை முழுவதற்குமான செயற்பாட்டு மாதிரியும் தரவு மாதிரியும் அக்காலத்தில் வரையப்பட்டன. இலட்சியம் உயர்ந்ததுதான். ஆனால் ஒரு தரவுக்கூறின் பொருளில் எல்லாப் படைகளையும் உடன்பட வைப்பதற்குள், அதைப் பயன்படுத்தவேண்டிய மென்பொருள் தன் சொந்தப் பொருளோடு கட்டி முடிக்கப்பட்டுவிடும். 2003 மே மாதம் வெளியான வலைமையத் தரவு உத்தி இந்த வழியை விட்டு விலகியது. எல்லோரும் ஒன்றில் உடன்படவேண்டும் என்பதற்குப் பதிலாக, தரவு கண்ணுக்குத் தெரிய வேண்டும், எட்ட வேண்டும், புரிய வேண்டும், நம்பத்தக்கதாக இருக்க வேண்டும், பொருளை அந்தந்த ஆர்வக் குழுக்கள் தமக்குள் தீர்த்துக்கொள்ளட்டும் என்றது. 2004 டிசம்பரில் புதிய ஆணை அதை உறுதிசெய்தது. 2020 அக்டோபரில் வெளிவந்த தரவு உத்தியும் அதே பாதையை ஏழு குணங்களாக விரித்தது. பெரும் அமைப்பில் ஒற்றை மாதிரி என்பது கூடாத காரியம் என்று இதைப் படிக்கக் கூடாது. தேசிய இருப்பு எண்ணும் மில்ஸ்ட்ரிப் ஆவண எண்ணும் எல்லாப் படைகளிலும் பல பத்தாண்டுகளாக நிலைத்திருக்கின்றன. அவை நிலைத்ததற்குக் காரணம், அவற்றைச் சுமக்கும் அம்புக்குறி ஒவ்வொரு நாளும் ஓடுகிறது. தவறான எண்ணை எழுதினால் பொருள் வந்து சேராது. ஓடாத அம்புக்குறிக்கு எழுதிய வரையறைகள் அகராதியிலேயே உறங்கிவிட்டன.

துறையின் நிதி, ஆளணி, வழங்கல் போன்ற அலுவல் பகுதிக்காக டோடாஃப் முறையில் வரையப்பட்ட நிறுவனக் கட்டமைப்பின் கதையும் இதையே சொல்கிறது. பத்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, குறைந்தது 37.9 கோடி டாலர் செலவழித்த பிறகும், முதலீடுகளை வழிநடத்தவும் கட்டுப்படுத்தவும் அது போதிய அளவு பயன்படவில்லை என்று ஜிஏஓ 2013-இல் எழுதியது. அதற்கு முந்தைய ஆண்டு, விமானப்படை தன் வழங்கல் அமைப்புகளை ஒன்றாக்க மேற்கொண்ட ‘ஈசிஎஸ்எஸ்’ திட்டம் ஏறத்தாழ நூறு கோடி டாலர் கரைந்தபின் நிறுத்தப்பட்டது. இருக்கும் தரவைப் பற்றிய புரிதலின்மை அதன் தோல்விக்கான காரணங்களுள் ஒன்றாக மறுஆய்வில் கண்டறியப்பட்டது. எல்லாப் படைகளின் ஆளணியையும் சம்பளத்தையும் ஒன்றாக்க வந்த ‘டிம்ஹர்ஸ்’ திட்டமும் 2010-இல் கைவிடப்பட்டது. இந்தப் பழியை ஒரு சட்டகத்தின் மீது சுமத்துவது நியாயமாகாது. ஆனாலும், விவரிப்பு முழுமையாக இருக்கிறதா என்பதை அளக்க வழி தரும் டோடாஃப், அந்த விவரிப்பை யார், எந்த முடிவுக்காக, எப்போது திறந்து பார்த்தார்கள் என்பதை அளக்க வழி தரவில்லை. ஒரு செயற்பாட்டு மாதிரிக்கும் நிதி ஒதுக்கீட்டுக்கும் நடுவே கட்டாயக் கண்ணி ஒன்றை அது வைத்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒப்புநோக்க, நேட்டோ நாடுகளின் படைகள் களத்தில் தகவல் பரிமாற உருவாக்கிய ஜேசி3ஐஈடிஎம் தரவு மாதிரியைப் பார்க்கலாம். ஐடெஃப்1எக்ஸ் முறையில் வரையப்பட்ட அது, எல்லாவற்றையும் பொருள், பொருள் வகை என இரண்டாகப் பிரித்து, கட்டுமானம், நில அம்சம், தளவாடம், அமைப்பு, ஆள் என்ற ஐந்து இனங்களில் அடக்குகிறது. செயலும் அதற்குள்ளேயே ஓர் உருபொருள். திட்டமிட்ட பணி, தானே நிகழ்ந்த நிகழ்வு என அது இரண்டாகப் பிரிகிறது. நான் மிகவும் மதிப்பது அதிலுள்ள ‘அறிக்கைத் தரவு’ என்ற உருபொருளை. பாலம் உடைந்திருக்கிறது என்று மட்டும் எழுத அந்த மாதிரி விடாது; யார் சொன்னார், எப்போது சொன்னார், எவ்வளவு நம்பலாம் என்பதும் அந்தச் செய்தியோடு ஒட்டியிருக்க வேண்டும். டோடாஃபின் அகலம் அதற்கு இல்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட வேலைக்காக, பல நாடுகள் உண்மையிலேயே செய்தி பரிமாறிப் பார்த்துச் செதுக்கியது என்பதால், அதன் ஒவ்வொரு உருபொருளுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. தரவு மாதிரி வரையக் கற்போர் டிஎம்2-ஐத் தொடும் முன் இதைப் படிக்கவேண்டும் என்பேன்.

டோடாஃபை எடுத்துக்கொள்ள எண்ணுபவர், படைத்துறையைச் சாராத பெரும் நிறுவனத்தில் இருந்தாலும், முதல் தொகுதியை முழுவதும் படிக்கட்டும். 52 மாதிரிகளில் ஓவி-5ஏ, ஓவி-5பி, ஓவி-3, டிஐவி-2, எஸ்வி-5பி ஆகியவற்றோடு தொடங்கினால் போதும்: வேலைகளின் மரம், அவற்றிடையே ஓட்டம், யாரிடமிருந்து யாருக்கு என்ன செல்கிறது என்ற அட்டவணை, அதன் தருக்கத் தரவு வடிவம், எந்த வேலையை எந்த மென்பொருள் தாங்குகிறது என்ற பொருத்தம். ஓவி-5பி-ஐ ஐடெஃப்-0 ஒழுங்கிலேயே வரையுங்கள். சட்டகம் அதை அனுமதிக்கிறது. ஏவி-2 என்ற ஒருங்கிணைந்த அகராதியை முதல் நாளே திறந்து, ஒவ்வொரு அம்புக்குறிக்கும் பொறுப்பாளரின் பதவியை எழுதுங்கள். பொறுப்பாளர் கிடைக்காத அம்புக்குறியை அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக வையுங்கள். மூன்றாம் தொகுதியும் அதன் எக்ஸ்எம்எல் பரிமாற்ற வரையறையும், வெவ்வேறு நிறுவனங்களின் வரைகருவிகளுக்கிடையே மாதிரிகளை இடம்பெயர்க்கவேண்டிய நிலை வந்தால் மட்டுமே தேவைப்படும்.

புதிதாகத் தொடங்குவோர், யூஎம்எல், சிஸ்எம்எல் என்ற வரைமொழிகளின் கருவிகளில் ஏற்கெனவே பழகிய குழு ஒன்றை வைத்திருந்தால், 2022-இல் ஐஎஸ்ஓ தரநிலையாகவும் ஏற்கப்பட்ட யுஏஎஃப் சட்டகத்தையும் பார்ப்பது நல்லது. டோடாஃப், பிரிட்டனின் மோடாஃப் ஆகியவற்றின் பார்வைகளை அது ஒரே அட்டவணை ஒழுங்குக்குள் கொண்டுவந்திருக்கிறது, கருவிகளின் ஆதரவும் அதற்கு வளர்ந்துவருகிறது. அப்படிப்பட்ட குழு இல்லாத நிறுவனங்களுக்கு, டோடாஃபின் முதல் தொகுதியும் மேற்சொன்ன ஐந்து மாதிரிகளும் ஏவி-2 அகராதியும் போதுமானவை. அவற்றை வரைய விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் முதலாண்டில் தேவைப்படாது.